மாடியேறாத குளிர்

குளிரூட்டியின் வரலாற்றைக் குளிரை உண்டாக்கிய கதையாகவே நாம் சொல்லிவருகிறோம். அதைப் பங்கிட்ட கதைதான் கடினமானது. 1902-இல் வில்லிஸ் கேரியர் தம் இயந்திரத்தை வடிவமைத்தது புரூக்ளின் அச்சகமொன்றின் ஈரக்காற்றை அடக்கத்தான் (மனிதருக்காக அல்ல, காகிதத்துக்காக!). 1914-இல் மினியாபொலிஸில் சார்லஸ் கேட்ஸின் மாளிகைக்குள் குளிரூட்டி நுழைந்தபோது அதன் நீளம் 20 அடி, உயரம் 7 அடி. கேட்ஸோ 1913-லேயே இறந்துவிட்டிருந்தார்.

குளிர்காற்று கனமானது, கீழே தேங்கும், வெப்பமோ மாடியேறும். கீழ்க்கூடத்துச் சுவரிலுள்ள ஒற்றைத் தெர்மோஸ்டாட் வீடு முழுமைக்கும் தீர்ப்பளிக்கிறது. கூடம் குளிர்ந்ததும் இயந்திரம் ஓயும். வெயிலை வாங்கிய கூரையின்கீழ் மாடியறை வேகும். வானளாவிய கட்டடங்களுக்கு 1939-இல் கேரியர் கண்ட விடை, மையத்தில் பதப்படுத்திய காற்றைச் சிறிய எஃகுக் குழாய்களில் மிகுவேகத்தில் அறைதோறும் செலுத்துவது. வீடுகளிலோ, தளந்தோறும் தனித் தெர்மோஸ்டாட்டும் குழாய்க்குள் திறந்து மூடும் தகடும் வைத்தபிறகே மாடியறைக்காரரின் முறையீடு காதில் விழுந்தது.