குழுவினுள் வரிசைப்படுத்தல் (எஸ்.கியூ.எல்)

குழுவினுள் வரிசைப்படுத்தல் என்பது தரவுத்தள வினவலின் விளைவுகளை ஒரு புலத்தின்படி குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவின் பதிவுகளையும் தனித்தனியே வரிசைப்படுத்துவதாகும். கட்டளைச் சொற்கள் இக்கட்டுரையில் ஒலிபெயர்ப்பாகத் தரப்பட்டுள்ளன.

எடுத்துக்காட்டு

ஈரோடு மாவட்டத்தின் நெசவு ஊர்களான சென்னிமலை, பவானி ஆகியவற்றிலிருந்து கைத்தறித் துணி வாங்கி விற்கும் கடையொன்றின் "விற்பனை" அட்டவணையில் ஊர், பொருள், தொகை என மூன்று புலங்கள் இருப்பதாகக் கொள்வோம். சென்னிமலைக்குத் துண்டு 400, படுக்கை விரிப்பு 900. பவானிக்கு ஜமுக்காளம் 700, போர்வை 700 என்பன பதிவுகள். எல்லாப் பதிவுகளும் தேவையெனில் பின்வரும் வினவலே போதுமானது:

செலக்ட் * ஃப்ரம் விற்பனை ஆர்டர் பை ஊர், தொகை டெஸ்க்

முதற்புலம் ஒரே ஊரின் பதிவுகளை அடுத்தடுத்து அமைக்கிறது. இரண்டாவது அவற்றை இறங்குவரிசையில் அடுக்குகிறது. டெஸ்க் என்பது தன் முன்னுள்ள புலத்தை மட்டுமே கட்டுப்படுத்தும்.

குரூப் பை பற்றிய குழப்பம்

குரூப் பை குழுவினுள் வரிசைப்படுத்துவதில்லை. குழு முழுவதையும் ஒரே பதிவாகச் சுருக்குகிறது. ஊர்தோறும் மிகுதியாக விற்ற பொருளை அறியப் பலர் இவ்வாறு எழுதுவர்:

செலக்ட் ஊர், பொருள், மேக்ஸ்(தொகை) ஃப்ரம் விற்பனை குரூப் பை ஊர்

மை.எஸ்.கியூ.எல்லின் பழைய பதிப்புகள் இதனை இயல்பிருப்பில் ஏற்றுக்கொண்டன. சென்னிமலைக்கு 900 என்னும் தொகை சரியாகவே வரும். ஆனால் அதனருகே "துண்டு" என்று வரக்கூடும். பிழைச்செய்தி எதுவும் தோன்றாது என்பதே இதன் பேரிடர். 2015இல் வெளிவந்த 5.7 பதிப்பு முதல் இத்தகைய வினவல் இயல்பாக மறுக்கப்படுகிறது. உள்வினவலில் முன்கூட்டியே வரிசைப்படுத்துவதும் தீர்வாகாது. வெளிவினவல் அவ்வரிசையைப் பேணும் என்ற உறுதி இல்லை.

சாளரச் செயற்கூறுகள்

எஸ்.கியூ.எல்:2003 சீர்தரத்தில் இடம்பெற்ற இவையே முறையான வழி. மை.எஸ்.கியூ.எல் 8.0, எஸ்.கியூ.லைட் 3.25 ஆகிய இரண்டும் இவ்வசதியை 2018இல் பெற்றன.

ரோ_நம்பர்() ஓவர் (பார்ட்டிஷன் பை ஊர் ஆர்டர் பை தொகை டெஸ்க்)

இது ஒவ்வோர் ஊருக்கும் 1 முதல் எண்ணிடுகிறது. உள்வினவலில் எண்ணிட்டு, வெளிவினவலில் எண் 1 உள்ளவற்றை மட்டும் எடுக்க வேண்டும். அதே நிலையின் வேர் பகுதியில் அவ்வெண்ணைப் பயன்படுத்த இயலாது. பவானியில் இரு பொருள்களும் சமமாதலால் ரோ_நம்பர் ஏதேனும் ஒன்றையே முதலாவதாகக் காட்டும். இரண்டுமே வேண்டுமெனில் ரேங்க்() பொருத்தமானது.

தமிழ் அகரவரிசை

சமமான தொகைகளைப் பெயரால் பிரிக்கையில் மற்றொரு சிக்கல் எழுகிறது. ஒருங்குறியில் ஜ எழுத்து ச, ஞ ஆகியவற்றுக்கு இடையில் உள்ளது. எனவே குறியெண் வரிசையில் ஜமுக்காளம் போர்வைக்கு முன் வரும். கிரந்த எழுத்துகளை இறுதியில் வைக்கும் தமிழ் அகரவரிசையிலோ போர்வையே முதலில் வரவேண்டும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் 10 பதிப்பில் (2017) சேர்க்கப்பட்ட ஐ.சி.யு. ஒப்பீட்டு விதிகளைக் கொண்டு இதனைச் சரிசெய்யலாம்.