சூப்பர் கார் ஓட்டினால் முதுகு வலித்தே ஆகவேண்டுமா?

ஸ்போர்ட்ஸ் கார் பற்றி யார் பேச ஆரம்பித்தாலும் முதலில் வருகிற கேள்வி "எத்தனை ஸ்பீடு போகும்?" என்பதுதான். இரண்டாவது கேள்வி விலை. "இதில் தினமும் ஆபீஸ் போய்வர முடியுமா? டிராஃபிக்கில் அரை மணி நேரம் நின்றால் கிளட்ச் மிதித்தே கால் வலிக்குமா? மார்க்கெட்டில் வாங்கிய பையை எங்கே வைப்பது?" என்று யாரும் கேட்பதில்லை. கேட்டால் சிரிப்பார்கள்.

ஆனால் இந்தச் சிரிப்புக் கேள்விகளை ஒரு கம்பெனி சீரியஸாக எடுத்துக்கொண்டு, பல வருடம் உழைத்து ஒரு காரைச் செய்தது. அதை ஓட்டிப் பார்த்த பெரிய பெரிய ஆட்கள் தங்கள் அபிப்பிராயத்தையே மாற்றிக்கொண்டார்கள். மற்ற ஸ்போர்ட்ஸ் கார்களும் அதற்குப் பிறகு மெல்ல மெல்ல மாறின. அந்தக் கார் மட்டும் சரியாக விற்கவில்லை!

அதுதான் ஹோண்டா என்.எஸ்.எக்ஸ். பி.காம் படிக்கிறவனுக்குக் கார் கதை எதற்கு என்று என் வகுப்பு நண்பர்கள் கேட்கலாம். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், கடைசியில் நம்ம பாடத்தில்தான் வந்து நிற்கும் :-)

அதற்கு முன்னால் நிலைமை எப்படி இருந்தது?

1966இல் லம்போர்கினி மியூரா வந்தது. எஞ்சினை டிரைவர் சீட்டுக்குப் பின்னால், காரின் நடுவில் வைத்தார்கள். கனமான பொருள் நடுவில் இருந்தால் வளைவுகளில் கார் சட்டென்று திரும்பும். ரேஸ் கார்களில் இருந்த இந்த அமைப்பு சாலைக்கு வந்ததும் எல்லோருக்கும் அதுவே கனவாகிவிட்டது. ஆனால் எஞ்சினின் சூடும் சத்தமும் உங்கள் பிடரிக்குப் பின்னால் இருக்கும். பெட்டி வைக்க இடம் இருக்காது. முன் சக்கரத்துக்கு இடம் விடவேண்டி இருப்பதால் பெடல்கள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும். நேராக உட்கார்ந்து காலை மட்டும் சாய்த்து ஓட்டவேண்டும்.

1974இல் விற்பனைக்கு வந்த லம்போர்கினி கவுன்டாச் இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் பின்னால் என்ன வருகிறது என்றே தெரியாது. ரிவர்ஸ் எடுக்கவேண்டும் என்றால், மேல்நோக்கித் திறக்கும் கதவைத் தூக்கிவிட்டு, வாசல் விளிம்பில் உட்கார்ந்து, உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டே எடுப்பார்கள். அந்தக் காரின் ரசிகர்கள் இதை ஒரு குறையாகச் சொல்லமாட்டார்கள், பெருமையாகச் சொல்வார்கள்! கஷ்டப்பட்டு ஓட்டினால்தான் அது நிஜமான ஸ்போர்ட்ஸ் கார் என்று ஒரு நம்பிக்கையே உருவாகிவிட்டது.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. 1964இல் உற்பத்திக்கு வந்த போர்ஷே 911 தினசரி ஓட்டக்கூடிய கார்தான். பின்னால் இரண்டு சின்ன சீட்டுகள்கூட உண்டு. ஆனால் அதன் எஞ்சின் நடுவில் இல்லை, பின் அச்சுக்கும் பின்னால் இருந்தது. வளைவின் நடுவில் பயந்துபோய் ஆக்ஸிலரேட்டரில் இருந்து காலை எடுத்தால் வால் பக்கம் சுற்றிக்கொண்டு போய்விடும் என்ற கெட்ட பெயர் பழைய 911களுக்கு இருந்தது.

ஹோண்டாவின் கணக்கு

1980களின் நடுவில் ஹோண்டாவுக்கு ஒரு ஆசை வந்தது. ஃபெராரி 328 போல ஓடவேண்டும், ஆனால் ஹோண்டா கார் போல நம்பகமாக இருக்கவேண்டும், விலையும் குறைவாக இருக்கவேண்டும். 1984இல் இத்தாலியின் பினின்ஃபரீனா நிறுவனத்துடன் சேர்ந்து எச்.பி.-எக்ஸ் என்ற மாதிரிக் காரைக் காட்டினார்கள். பிறகு ஷிகேரு உவேஹாரா என்ற பொறியாளர் தலைமையில் வேலை நடந்தது.

அவர்கள் முதலில் கவனித்தது கண்ணாடியை! எஃப்-16 போர் விமானத்தின் காக்பிட்டைப் பார்த்து, டிரைவர் இருக்கும் இடத்தை முன்னால் தள்ளி, சுற்றிலும் கண்ணாடி வைத்தார்கள். நாலு பக்கமும் தெளிவாகத் தெரியும். கவுன்டாச் போல வெளியே தொங்கவேண்டிய அவசியம் இல்லை. காரின் வால் பகுதியைக் கொஞ்சம் நீட்டி, கோல்ஃப் பை வைக்கும் அளவுக்கு ஒரு டிக்கி கொடுத்தார்கள்.

அடுத்தது எடை. முழு பாடியையும் அலுமினியத்தில் செய்தார்கள். விற்பனைக்கு வந்த கார்களில் முழு அலுமினிய மோனோகாக் பாடி கொண்ட முதல் கார் இதுதான். இரும்பில் செய்திருந்தால் வந்திருக்கும் எடையைவிட ஏறத்தாழ 200 கிலோ மிச்சம். மொத்த எடை 1,370 கிலோ சுமாருக்கு நின்றது.

மூன்றாவது எஞ்சின். 3 லிட்டர் வி6, அமெரிக்காவில் விற்ற காரில் 270 குதிரைசக்தி. இதில் வி-டெக் என்ற ஹோண்டாவின் நுட்பம் இருந்தது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம் இரண்டு விதமாக இருக்கும். மெதுவாகப் போகும்போது ஒரு விதம் வேலை செய்யும். சுமார் 5,800 சுற்றுகளைத் தாண்டியதும் இன்னொரு விதத்துக்கு மாறி 8,000 சுற்றுகள்வரை போகும். அதாவது ஒரே எஞ்சினுக்குள் ஊருக்குள் ஓட்ட ஒரு எஞ்சின், ரேஸ் டிராக்குக்கு ஒரு எஞ்சின். ஆட்டோமேட்டிக் கியர் வைத்த காருக்கு மின்சார பவர் ஸ்டியரிங்கும் கொடுத்தார்கள்.

சென்னா ஓட்டிப் பார்த்தார்

1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் இந்தக் காரை உலகத்துக்குக் காட்டினார்கள். அதே மாதம் ஜப்பானின் சுஸுகா டிராக்கில் ஒரு சோதனை ஓட்டம் நடந்தது. ஓட்டியவர் ஃபார்முலா 1 உலக சாம்பியன் அயர்டன் சென்னா. அதற்கு முந்தைய வருடம்தான் ஹோண்டா எஞ்சின் வைத்த மெக்லாரன் கார்கள் 16 பந்தயங்களில் 15ஐ ஜெயித்திருந்தன. அதனால் சென்னாவைக் கூப்பிடுவது ஹோண்டாவுக்குக் கஷ்டமில்லை.

வேறு யாராவது என்றால் பாராட்டிவிட்டு, போட்டோவுக்கு நின்றுவிட்டுப் போயிருப்பார்கள். சென்னா, கார் கொஞ்சம் பலவீனமாகத் தெரிகிறது, பாடி இன்னும் உறுதியாக இருக்கவேண்டும் என்கிற மாதிரி சொல்லிவிட்டார். கண்காட்சியில் வைத்துக் கைதட்டல் வாங்கிய காருக்கு இப்படி ஒரு சர்டிபிகேட்!

ஹோண்டாக்காரர்கள் கோபப்படவில்லை. ஜெர்மனியின் நூர்புர்க்ரிங்குக்குப் போய் மாதக்கணக்கில் தங்கினார்கள். 20 கிலோமீட்டருக்கும் அதிகமான நீளம், மேடு பள்ளம், கண்ணுக்குத் தெரியாத வளைவுகள் என்று காரைப் பிழிந்து எடுக்கிற டிராக் அது. ஓட்டுவது, எங்கே வளைகிறது என்று பார்ப்பது, அந்த இடத்தைப் பலப்படுத்துவது, மறுபடி ஓட்டுவது. பாடியின் உறுதி ஏறத்தாழ 50 சதவீதம் கூடியது என்கிறார்கள்.

இங்கேதான் எனக்குப் பிடித்த விஷயம் இருக்கிறது. பாடியை உறுதியாக்கினால் கார் வேகமாகப் போகும், ஆனால் சொகுசு குறையும் என்றுதானே நாம் நினைப்போம்? நடந்தது நேர் எதிர். பாடி தளர்ந்து முறுக்கிக்கொண்டால், சாலையின் ஒவ்வொரு அடியையும் ஸ்பிரிங்கும் பாடியும் பங்கு போட்டுக்கொள்ளும். அதைச் சமாளிக்க ஸ்பிரிங்கைக் கடினமாக்குவார்கள், முதுகு வலிக்கும். பாடி அசையாமல் நின்றால் சஸ்பென்ஷன் தன் வேலையை ஒழுங்காகச் செய்யும். அதைக் கொஞ்சம் மென்மையாகவே வைத்துக்கொள்ளலாம். ரேஸ் டிரைவர் சொன்ன குறையைத் திருத்தப்போய், ஆபீஸ் போகிறவருக்கும் நல்லது நடந்துவிட்டது. வேகமும் சொகுசும் எதிரிகள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பின்னாளில் சென்னா சுஸுகாவில் என்.எஸ்.எக்ஸ் ஓட்டும் வீடியோ ஒன்று மிகப் பிரபலம். ஹெல்மெட், ரேஸ் உடை எதுவும் இல்லை. சாதாரண சட்டை, பேண்ட், வெள்ளை சாக்ஸ், லோஃபர் ஷூ. கல்யாணத்துக்குப் போகிறவர் வழியில் டிராக்கில் இரண்டு ரவுண்டு அடித்துவிட்டுப் போவது மாதிரி இருக்கும். இந்தக் காரின் தத்துவம் முழுவதும் அந்த ஷூவில் இருக்கிறது.

இன்னொரு சோதனை ஓட்டம்

அந்தச் சமயத்தில் மெக்லாரனில் கார்டன் மர்ரி என்ற வடிவமைப்பாளர், உலகத்திலேயே சிறந்த சாலைக் காரைச் செய்யவேண்டும் என்று கிளம்பியிருந்தார். ஃபெராரி, போர்ஷே, லம்போர்கினி என்று எல்லாவற்றையும் ஓட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜப்பானில் என்.எஸ்.எக்ஸை ஓட்டிய நிமிடமே, அதுவரை அளவுகோலாக வைத்திருந்த கார்கள் எல்லாம் மனதில் இருந்து மறைந்துபோயின என்று பின்னாளில் எழுதியிருக்கிறார். தன் கார் இதைவிட வேகமாகப் போகவேண்டும், ஆனால் ஓட்டும் சுகமும் திருப்பமும் இதுபோல இருக்கவேண்டும் என்று முடிவு செய்தார். தனக்கும் ஒரு என்.எஸ்.எக்ஸ் வாங்கி, 7 வருடத்தில் 75,000 கிலோமீட்டர் ஓட்டினார். மழை, வெயில், கடைத்தெரு எல்லாவற்றுக்கும் ஓட்டினால்தான் இந்தக் கணக்கு வரும்.

தன் காருக்கு ஹோண்டா எஞ்சின்தான் வேண்டும் என்று கேட்டும் பார்த்தார். கிடைக்கவில்லை. பி.எம்.டபிள்யூ. ஒரு வி12 எஞ்சின் செய்து கொடுத்தது. 1992இல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1 அப்படிப் பிறந்ததுதான். 1998இல் மணிக்கு 386 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்ட அந்தக் காரில் ஏ.சி., நல்ல மியூசிக் சிஸ்டம், இரண்டு பக்கமும் பெட்டி வைக்க இடம் எல்லாம் உண்டு!

இனி நம்ம பாடம்

1990இல் விற்பனை தொடங்கியது. இதற்காகவே டோச்சிகி மாவட்டத்தில் தனித் தொழிற்சாலை, தேர்ந்தெடுத்த சுமார் 200 தொழிலாளர்கள். அமெரிக்காவில் அக்யூரா என்ற பெயரில் 60,000 டாலர் சுமாருக்கு விற்றார்கள். அதே காலத்து ஃபெராரி 348இன் விலை ஒரு லட்சம் டாலரை நெருங்கியது. பத்திரிகைகள் புகழ்ந்தன. காத்திருப்போர் பட்டியல் நீண்டது.

அப்புறம் ஜப்பானின் பங்குச்சந்தைக் குமிழி உடைந்தது. 1989 டிசம்பரில் 38,900 புள்ளிகளைத் தாண்டியிருந்த நிக்கேய் 1990 முழுக்கச் சரிந்தது. ஆடம்பரப் பொருள் வாங்கும் கை சுருங்கியது. யென் மதிப்பு ஏற ஏற அமெரிக்காவில் விலையும் ஏறியது. 1991இல் அங்கே 1,900க்கும் மேல் விற்ற கார், 2000களில் வருடத்துக்கு 200 அளவுக்கு இறங்கிவிட்டது. 2005இல் உற்பத்தியை நிறுத்தியபோது, 15 வருடத்தில் உலகம் முழுக்க விற்றது 18,000 சொச்சம்தான்.

குமிழியை மட்டும் குறை சொல்லிவிட முடியாது. காரிலும் குறைகள் உண்டு. பின் டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன. போட்டிக் கார்களின் குதிரைசக்தி கூடிக்கொண்டே போனபோது ஹோண்டா பெரிதாக எதுவும் செய்யவில்லை. 1997இல் எஞ்சினை 3.2 லிட்டர் ஆக்கினார்கள், அவ்வளவுதான். ஆனால் முக்கியக் காரணம் வேறு என்று நினைக்கிறேன். லட்சம் டாலர் கொடுப்பவர் சௌகரியத்தை மட்டும் வாங்குவதில்லை, பெயரை வாங்குகிறார். கஷ்டத்தைக்கூட வாங்குகிறார். "என் கார் எல்லோராலும் ஓட்டக்கூடியது" என்று யாரும் பெருமை அடித்துக்கொள்வதில்லையே!

லாபம் யாருக்குப் போனது? 1991இல் ஃபெராரியின் தலைமைக்கு வந்த லூகா டி மான்டெசெமோலோ, 348 ஒரு சுமாரான கார் என்று தானே வெளிப்படையாகச் சொன்னார். 1994இல் வந்த எஃப்355இல் பவர் ஸ்டியரிங் இருந்தது. 1999இல் வந்த 360 மொடெனாவின் சட்டகம் முழுக்க அலுமினியம். எல்லாமே என்.எஸ்.எக்ஸைப் பார்த்துத்தான் என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் வருடங்களின் வரிசையைப் பாருங்கள். 2006இல் அறிமுகமான ஆடி ஆர்8, தினமும் ஓட்டக்கூடிய சூப்பர் கார் என்றே பெயர் வாங்கியது. முதலில் கண்டுபிடித்தவருக்கே சந்தை கிடைக்கும் என்று வகுப்பில் படிக்கிறோம். இங்கே கண்டுபிடித்தவர் ஹோண்டா, பலன் அடைந்தது ஃபெராரி வாங்கியவர்கள்.

ஹோண்டா தோற்றுவிட்டதா? பேலன்ஸ் ஷீட்டில் ஆமாம் என்றுதான் தோன்றுகிறது. 2016இல் ஹைப்ரிடாக மறுபடி வந்த என்.எஸ்.எக்ஸும் 2022இல் நின்றுவிட்டது. ஆனால் ஸ்போர்ட்ஸ் காரில் கிளட்ச் லேசாக இருக்கவேண்டும், பின்னால் வருவது தெரியவேண்டும், ஏ.சி. வேலை செய்யவேண்டும் என்பது இப்போது யாருக்கும் சிரிப்பாக இல்லை. அந்தக் கேள்விகளுக்கு மரியாதை வாங்கிக் கொடுத்தது இந்தக் கார்தான். பேலன்ஸ் ஷீட்டில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று எங்கள் அக்கவுன்ட்ஸ் சார்தான் சொல்லவேண்டும்.

என்றைக்காவது ஒரு நாள் உங்களுக்கு ஸ்போர்ட்ஸ் கார் டெஸ்ட் டிரைவ் கிடைத்தால், காலியான ஹைவேயில் மட்டும் ஓட்டிவிட்டு வந்துவிடாதீர்கள். சாயங்காலம் ஆறு மணி டிராஃபிக்கில் ஒரு முறை ஓட்டுங்கள். ஒரு ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்குங்கள். குறுகலான சந்தில் ரிவர்ஸ் எடுங்கள். நல்ல கார் எது என்று அங்கேதான் தெரியும்.