வைட்டமின் டி-யும் ஆஸ்துமாவும்: ஒரு முடிவு மாறிய கதை

2006-ல் லண்டன் கிங்ஸ் காலேஜ் ஆய்வகத்தில் ஒரு ஆச்சரியம். ஸ்டீராய்டுக்கு மசியாத ஆஸ்துமாக்காரர்களின் ரத்த அணுக்கள், கூடவே வைட்டமின் டி-யும் சேர்த்ததும், அழற்சியைத் தணிக்கும் ஐஎல்-10 புரதத்தைச் சுரந்தன. சரி, கிண்ணத்துல நடந்தது மூச்சுக்குழாய்லயும் நடக்கணுமே! 2014-ல் அமெரிக்காவின் வைடா சோதனை: வைட்டமின் டி குறைவாக இருந்த 408 பேர், 28 வாரம். எதிர்பார்த்த பலன் இல்லை. ஆனா 2016-ல் காக்ரேன் தொகுப்பாய்வு, ஸ்டீராய்டு மாத்திரை வரை போகவைக்கும் தாக்குதல்கள் குறையுதுன்னு சொல்லிச்சு. 2023-ல் அதே காக்ரேன், 20 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்துட்டு, அப்படித் தெரியலைன்னு திருத்திக்கிச்சு. ரெண்டு ஆய்விலும் ஏட்ரியன் மார்ட்டினோ இருந்தார். எனக்குப் பிடிச்ச இடம் இதுதான். இன்னொண்ணு: 2016 ஆய்வுகூட இன்ஹேலரை நிறுத்தச் சொல்லலை. வைட்டமினை வழக்கமான மருந்தோட சேர்த்துத்தான் கொடுத்தாங்க.