தமிழ் தெரிந்தால்தான் வேலை: புன்னைக்காயலின் பழைய விதி

வேலைக்கு வருபவருக்கு உள்ளூர் மொழி தெரிந்திருக்க வேண்டுமா? கல்வி நிறுவனங்களில் இன்றும் ஓயாத விவாதம் இது. பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தில் சுவீடிய மொழியில் பாடம் நடத்தவென்றே சில பேராசிரியர் பதவிகளைச் சட்டம் ஒதுக்கி வைத்திருக்கிறது. ஆனால் தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னைக்காயலில் 16ஆம் நூற்றாண்டிலேயே இந்தக் கேள்வி எழுந்துவிட்டது!

முத்துக்குளித்துறையின் பரதவர்கள் 1530களில் கத்தோலிக்க மதத்தைத் தழுவினார்கள். அவர்களுக்குப் போதிக்க 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியாருக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்ப்பாளர்களின் உதவியோடு ஜெபங்களைத் தமிழாக்கி மனப்பாடம் செய்து ஒப்பித்தார். விளைவு என்ன தெரியுமா? 'விசுவசிக்கிறேன்' என்று வரவேண்டிய இடத்தில் 'வேணும்' என்று இருந்தது. நம்பிக்கை அறிக்கையே ஆசை அறிக்கையாகிவிட்டது. பிழையைக் கண்டுபிடித்த சவேரியார், 1544இல் தன் சக ஊழியருக்குக் கடிதம் எழுதித் திருத்தச் சொன்னார்.

இந்தச் சிக்கலுக்கு நிரந்தரத் தீர்வு தேடியவர் போர்த்துகலில் 1520இல் பிறந்த என்றிக்கே என்றீக்கஸ். தமிழில் அண்டிரிக் அடிகளார். யூத வம்சாவளியைக் காரணம் காட்டிப் பிரான்சிஸ்கன் சபை இவரை வெளியேற்றியது. இயேசு சபை ஏற்றுக்கொண்டு 1546இல் இந்தியாவுக்கு அனுப்பியது. பிறப்பைப் பார்த்துத் தகுதி மறுக்கப்பட்டவர், இங்கே வந்து உழைத்தால் யாரும் பெறக்கூடிய ஒரு தகுதியை முன்வைத்தார். அதுதான் தமிழ்!

முதலில் விதியைத் தனக்கே போட்டுக்கொண்டார். அவரும் உடன் இருந்தவர்களும் தங்களுக்குள்கூடத் தமிழில்தான் பேச வேண்டும், தவறினால் தண்டனை என்று முடிவு செய்தார்கள். இதில் நியாயம் இருந்தது. பாவமன்னிப்பு கேட்க வருபவர், தன் ரகசியத்தை மொழிபெயர்ப்பாளர் முன்னால் எப்படிச் சொல்வார்?

ஆனால் விதி போட்டால் மட்டும் போதுமா? கற்க வழி வேண்டாமா? அதையும் அவரே செய்தார். போர்த்துகீசிய மொழியில் தமிழுக்கு ஓர் இலக்கணம் எழுதினார். புதிதாக வரும் பாதிரியார்கள் தமிழ் படிக்க 1560களில் புன்னைக்காயலில் ஒரு பள்ளி நடந்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பதினாறே பக்கம்தான். ஆனால் இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. 1600இல் அவர் இறந்தார். அந்த இலக்கணத்தின் கையெழுத்துப் பிரதி லிஸ்பன் நூலகத்தில் கிடந்து, 1982இல்தான் அச்சுக்கு வந்தது.

பின்னாளில் ஆங்கிலேயரும் இதே பாதைக்கு வந்தார்கள். 1812இல் சென்னையில் எல்லிஸ் முயற்சியால் உருவான புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரி, கம்பெனியின் இளம் அதிகாரிகளுக்குத் தென்னிந்திய மொழிகளைக் கற்பித்துத் தேர்வும் வைத்தது. தமிழக அரசு 2021இல் அரசுப் பணித் தேர்வுகளில் தமிழ்த்தாளைக் கட்டாயமாக்கியபோதும் பழைய விவாதம் மீண்டும் எழுந்தது.

மொழித் தகுதி என்பது வெளியாட்களைத் தடுக்கும் சுவர் என்று சிலர் சொல்கிறார்கள். கற்றுக்கொள்ள வழியே தராமல் விதி மட்டும் போட்டால் அது சுவர்தான். புன்னைக்காயலில் விதியோடு இலக்கணமும் பள்ளியும் சேர்ந்து வந்தன. அதனால் எங்கிருந்தோ வந்தவர்களும் அந்தக் கடற்கரை மக்களோடு நேருக்கு நேர் பேச முடிந்தது.