சுமையின்மேல் ஒரு நாய்

1930களில் அமெரிக்கச் சமவெளிகளில் மழை பொய்த்து, உழுது புரட்டிய மண் புழுதிப் புயலாய் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 'கறுப்பு ஞாயிறு' என்றே பெயர் பெற்றது. ஆயினும் அக்காலத்தில் கலிபோர்னியா நோக்கிப் புறப்பட்டோரில் பெரும்பாலோர் புழுதியால் விரட்டப்பட்டவர் அல்லர். பருத்தி விலையின் வீழ்ச்சியும் டிராக்டரின் வரவும் பெயர்த்தெறிந்த குத்தகை விவசாயிகள் அவர்களுள் பலர். மெத்தை, அடுப்பு, சட்டிபானைகளைப் பழைய வண்டிகளில் கட்டிக்கொண்டு 66ஆம் நெடுஞ்சாலையில் மேற்கே சென்றனர்.

இப்பெயர்வை நாம் எண்ணிக்கைகளாகவே படித்துப் பழகியிருக்கிறோம். ஜான் ஸ்டைன்பெக் 1939இல் வெளியிட்ட 'தி கிரேப்ஸ் ஆஃப் ராத்' நாவலோ வேறொரு கேள்வியை எழுப்புகிறது: வண்டியில் யாருக்கு இடம்? ஓக்லஹோமாவின் ஜோடு குடும்பம் பன்றிகளை அறுத்து உப்பிட்டுக்கொள்கிறது. ஒரு நாயை மட்டும் சுமையின்மேல் ஏற்றுகிறது. வழியில், பெட்ரோல் நிலையமொன்றின் முன்னே, விரைந்துவந்த கார் அதன்மீது ஏறிச் செல்கிறது. அன்றிரவுக்குள் தாத்தாவும் இறந்துபோகிறார். வீட்டின் காவலும் வேரும் ஒரே நாளில் சாலையோரத்தில் விடப்படுகின்றன.

எஞ்சியோரை எல்லையும் வரவேற்கவில்லை. 1936இல் லாஸ் ஏஞ்சலிஸ் போலீசார் மாநில எல்லைகளில் நின்று காசில்லாதவர்களைத் திருப்பியனுப்பினர். வறியவரை அழைத்துவருவதைக் குற்றமாக்கிய கலிபோர்னியச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1941இல்தான் செல்லாதென்றது.

மனிதருக்கே இடமில்லை என்றது ஒரு மாநிலம். நாய்க்கும் ஓரிடம் உண்டென்றது நிரம்பி வழிந்த ஒரு வண்டி. இவ்விரண்டில் எது வறுமை என்பதை நாம் மீண்டும் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.