திருப்பித் தரவேண்டிய பணம்

பிறந்த ஊரையும் பெற்றோரையும் விட்டுத் தொலைவிலே சென்று படிக்கும் இளைஞருக்குக் கிறிஸ்தவக் கல்வி நிறுவனங்கள் தரும் விண்ணப்பப் படிவத்தில் பெரும்பாலும் இரண்டு பகுதிகள் இருக்கும். முதலாவது நடத்தை விதிகள். எப்போது விடுதிக்குத் திரும்பவேண்டும், எதை உடுத்தலாம், எதைக் குடிக்கலாகாது, எதற்காக வெளியேற்றப்படுவர் என்பனவெல்லாம் அதில் விரிவாக எழுதப்பட்டிருக்கும். இரண்டாவது பகுதி கட்டணம் பற்றியது. அது பலவேளைகளில் ஒரே வரியோடு முடிந்துவிடும்: செலுத்திய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படமாட்டாது. நன்னடத்தைச் சான்று கேட்டுப் பங்குத்தந்தையிடம் வரும் பெற்றோர் முதற்பகுதியைப் பற்றிக் கவலையோடு பேசுவர். இரண்டாம் பகுதியைப் பற்றி வாய்திறப்பவர் அரிது. கோயில் சார்ந்த நிறுவனம் கேட்கும் பணத்தைக் கேள்வி கேட்பது மரியாதையன்று என்று நம் மக்கள் நினைக்கிறார்கள்.

ஆனால் திருச்சபையின் பழைய ஏடுகளைப் புரட்டினால் வேறொரு காட்சி தென்படுகிறது. நடத்தையும் பணமும் அங்கே ஒரே சட்டத்தில், ஒரே மூச்சில் பேசப்படுகின்றன. எவர் எவருக்கு எதைத் திருப்பித் தரவேண்டும் என்பது அச்சட்டங்களின் ஓரத்தில் வரும் செய்தியன்று. சிலவற்றில் அதுவே நடுப்பொருள்.

இதில் ஏமாற்றியவர்கள் எப்போதும் நிறுவனத்தார் மட்டுமல்லர் என்பதையும் சொல்லிவிட வேண்டும். புனித அகுஸ்தீனார் கார்த்தேசு நகரிலே சொற்கலை ஆசிரியராக இருந்தபோது, மாணவர் கூட்டம் கூட்டமாக வகுப்பறைக்குள் புகுந்து குழப்பம் விளைவிப்பதைப் பொறுக்கமாட்டாமல் கி.பி. 383ஆம் ஆண்டில் உரோமை நகர் சென்றார். உரோமை மாணவர் அமைதியானவர்கள் என்று கேள்விப்பட்டிருந்தார். அமைதியானவர்கள்தாம், ஆனால் கட்டணம் கொடுக்கும் நாள் நெருங்கியதும் பலர் சேர்ந்து பேசிக்கொண்டு வேறோர் ஆசிரியரிடம் போய்விடுவார்கள். கற்பித்தவர் வெறுங்கையோடு நிற்பார். இதனால் மனம் கசந்த அகுஸ்தீனார், நகராட்சியே ஊதியம் வழங்கிய மிலான் நகர்ப் பணியை நாடிச் சென்றார். அங்கேதான் ஆயர் அம்புரோசியாரைச் சந்தித்தார். கட்டணம் கொடாது ஓடிய அந்த மாணவர்களுக்கும் திருச்சபை ஒருவகையில் கடன்பட்டிருக்கிறது என்று எண்ணிச் சிரித்துக்கொள்ளலாம்.

அறிவு இறைவனுடைய கொடை, ஆதலால் அது விலைக்கு விற்கப்படலாகாது என்பது இடைக்காலத் திருச்சபையின் உறுதியான கருத்து. 1179ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் அலெக்சாண்டர் கூட்டிய மூன்றாம் இலாத்தரன் பொதுச்சங்கம் இதைச் சட்டமாக்கியது. ஒவ்வொரு பேராலயமும் ஓர் ஆசிரியருக்கு வருமானம் ஒதுக்கவேண்டும். அவர் அப்பேராலயத்தின் திருப்பணியாளருக்கும் ஏழை மாணவருக்கும் கட்டணமின்றிக் கற்பிக்கவேண்டும். கற்பிக்கும் உரிமை வழங்குவதற்கு எவரும் பணம் வாங்கலாகாது. அப்படியானால் ஆசிரியர் எப்படி உண்பார்? இதற்குச் சட்ட அறிஞர் ஒரு விடை கண்டனர்: மாணவர் கொடுப்பது அறிவுக்கு விலையன்று, ஆசிரியரின் உழைப்புக்குக் கைம்மாறு. இவ்விடை நுட்பமானது. உழைப்புக்குத்தான் கைம்மாறு என்றால், உழைக்காத நாளுக்குக் கைம்மாறு கேட்க முடியாதல்லவா!

இத்தாலியின் பொலோனியா நகரச் சட்ட மாணவர் இதை நன்றாகவே புரிந்துகொண்டனர். அயலூரிலிருந்து வந்த அம்மாணவர் சங்கங்களாய் இணைந்து ஆசிரியருக்கே நடத்தை விதி எழுதினார்கள். அவர்களுடைய பதினான்காம் நூற்றாண்டு ஒழுங்கு நூலின்படி, பேராசிரியர் முன்பணமாக ஒரு தொகையை ஒப்படைக்கவேண்டும். பாடத்தின் குறித்த பகுதியைக் குறித்த நாளில் முடிக்காவிட்டால் அதிலிருந்து தண்டம் கழிக்கப்படும். முதன்மை வகுப்பில் ஐந்து பேர் கூடச் சேரவில்லை என்றால் அவர் வகுப்புக்கே வராதவராகக் கருதப்படுவார். நம் ஊர்ப் பேராசிரியப் பெருமக்கள் இதைப் படித்தால் நெற்றியைச் சுருக்குவர். இதை யாரும் மீண்டும் கொண்டுவரவேண்டும் என்று நான் சொல்லவில்லை.

பாரிஸ் நகரின் கதை வேறு. அங்கே அதிகாரம் ஆசிரியர் கழகத்திடம் இருந்தது. மாணவர் பெரும்பாலும் பதின்மூன்று, பதினான்கு வயதில் வந்துசேரும் சிறுவர். 1180ஆம் ஆண்டில் எருசலேம் திருப்பயணம் முடித்துத் திரும்பிய இலண்டன் நகர யோசே என்பவர், நோத்ர்தாம் பேராலயத்தை அடுத்த மருத்துவமனையில் ஏழை மாணவர் உறங்கிய ஓர் அறையைக் கண்டார். அவ்வறையை விலைக்கு வாங்கிப் பதினெட்டு மாணவருக்கு நிலையாக விட்டார். படுக்கையும் மாதந்தோறும் பன்னிரண்டு காசும் அவர்களுக்குக் கிடைத்தன. அவர்கள் செய்யவேண்டிய கைம்மாறு: மருத்துவமனையில் இறப்போரின் உடலுக்கு முன்னால் முறைவைத்துச் சிலுவையும் தீர்த்தமும் ஏந்திச் செல்வது, இரவுதோறும் ஏழு தவத் திருப்பாடல்களைச் சொல்வது. பாரிஸ் கல்லூரிகளில் முதலாவது இதுவே. அங்கே நடத்தை விதியும் கட்டணமும் ஒன்றே என்று சொல்லலாம்.

1215ஆம் ஆண்டில் திருத்தந்தையின் தூதர் இராபர்ட் தெ கூர்சோன் பாரிஸ் பள்ளிகளுக்கு ஒழுங்குகள் வகுத்தார். தமக்கென ஓர் ஆசிரியர் இல்லாதவர் மாணவர் ஆகார். ஆசிரியரின் மேலங்கி கருநிறமாய்க் கணுக்கால்வரை இருக்கவேண்டும். முனை நீண்ட காலணி கூடாது. மாணவன் ஒருவன் இறந்தால் ஆசிரியருள் பாதிப்பேர் அவனை அடக்கம் செய்யச் செல்லவேண்டும், அடுத்த சாவுக்கு மறுபாதியினர். காலணியையும் கல்லறையையும் ஒரே தாளில் எழுதிய அம்மனிதர்மீது எனக்குத் தனி மதிப்பு உண்டு.

பதினான்கு ஆண்டுகள் கழித்துப் பெரும் கலகம் வெடித்தது. 1229ஆம் ஆண்டு, தவக்காலத்துக்கு முந்திய கொண்டாட்ட நாள்களில், புனித மார்செல் புறநகரில் மது அருந்திய மாணவர் சிலர் விலையைப் பற்றிக் கடைக்காரனோடு சச்சரவிட்டு அடிபட்டனர். மறுநாள் தடிகளோடு கூட்டமாகத் திரும்பிவந்து கடையை நொறுக்கினர். ஆட்சிப்பொறுப்பில் இருந்த அரசி பிளாஞ்ச் தண்டிக்க ஆணையிட்டாள். நகரக் காவலர் கண்ணில்பட்ட மாணவர்மீது பாய்ந்தனர். கலகத்தில் தொடர்பில்லாத பலர் மாண்டனர். ஆசிரியரும் மாணவரும் பாரிசைத் துறந்து ஆக்ஸ்போர்டு, ஆன்ழே, ஒர்லேயான், துலூஸ் என்று சிதறினர். ஏறத்தாழ இரண்டாண்டு பள்ளிகள் முடங்கிக் கிடந்தன.

அவர்களைத் திரும்ப அழைத்துவரத் திருத்தந்தை ஒன்பதாம் கிரகோரியார் 1231 ஏப்ரல் 13ஆம் நாள் ஒரு மடல் வெளியிட்டார். பாரிஸ் பல்கலைக்கழகத்தின் உரிமைப் பட்டயம் என்று வரலாற்றாசிரியர் போற்றுவது இதைத்தான். மாணவர் ஆயுதம் தாங்கி நகரில் திரியலாகாது. அமைதி குலைப்பவரைக் கழகம் காப்பாற்றாது. பள்ளிக்குப் போகாமல் மாணவர் என்று சொல்லித் திரிவோருக்கு மாணவர் உரிமை கிடையாது. இவை மாணவருக்கான கடிவாளங்கள். உடனே மறுபக்கத்துக்கும் கடிவாளம் இடுகிறது அம்மடல். கடனுக்காக எந்த மாணவனையும் சிறைப்பிடிக்கக் கூடாது. திருச்சபைத் தண்டனையை நீக்குவதற்கு ஆயரோ அவருடைய அலுவலரோ பணம் வாங்கக் கூடாது. மாணவர் தங்கும் அறைகளின் வாடகைக்கு நியாயமான அளவு வரையறுக்கப்படவேண்டும்.

பிறகு ஒரு பகுதி வருகிறது. அதை வாசிக்கும்போதெல்லாம் சற்று நின்றுவிடுகிறேன். இறப்புச் சாசனம் எழுதாமல் மாணவன் ஒருவன் இறந்துபோனால் என்ன செய்வது? பாரிஸ் ஆயரும், கழகம் இதற்கென நியமித்த ஓர் ஆசிரியரும் அவனுடைய பொருள்கள் அனைத்தையும் பெற்றுப் பாதுகாப்பான இடத்தில் வைக்கவேண்டும். அவன் பிறந்த ஊருக்குச் சாவுச் செய்தி எட்டுவதற்குப் போதிய காலம் கணித்து ஒரு நாள் குறிக்கவேண்டும். உரிமையுடையோர் நேரில் வந்தாலும், ஆளனுப்பினாலும் பொருளைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். எவரும் வராவிட்டால், இறந்தவனின் ஆன்ம இளைப்பாற்றிக்காக அதைச் செலவிடலாம். ஆனால் உரியவர் தக்க காரணத்தால் வரமுடியாமற் போயிருந்தால் இன்னும் காத்திருக்கவேண்டும்.

சாலைகளில் கள்வர் மலிந்த காலம். செய்தி அனுப்ப அஞ்சல் இல்லாத காலம். டென்மார்க்கிலோ சிசிலியிலோ இருக்கும் ஒரு தகப்பனுக்கு, மகனின் போர்வையும் இரண்டு நூலும் எஞ்சிய சில்லறையும் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகத் திருத்தந்தை தம் முத்திரையின்கீழ் இத்தனை வரிகள் எழுதியிருக்கிறார். இறந்தவனின் பணம் பள்ளிக்கு உரியது என்று எழுதியிருந்தால் எவரும் தடுத்திருக்க முடியாது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் வெளியிட்ட அறிவிப்பு, சேர்க்கையின் இறுதிநாளுக்குப்பின் 15 நாளுக்குள் விலகினால் 80 விழுக்காடு, 30 நாளுக்குள் விலகினால் 50 விழுக்காடு என்று கட்டணத்தைத் திருப்பித் தரக் கணக்கிட்டுச் சொன்னது. அரசு சொல்லித்தான் நம்மவர் இதைச் செய்யவேண்டியிருந்தது என்பது எனக்கு வருத்தமே.

இனிப் பங்குக்குருக்களின் கதைக்கு வருகிறேன். இது என் இனத்தாரின் கதை. இடைக்கால ஐரோப்பாவில் பங்கின் வருமானம் என்பது மக்களின் விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு: கதிர்க்கட்டு, ஆட்டுக்குட்டி, கம்பளி. அதை நுகர்ந்த குருக்களிற் பலர் போதிய கல்வி இல்லாதவர்கள். 1219ஆம் ஆண்டில் திருத்தந்தை மூன்றாம் ஒனோரியுசு, இறையியல் கற்கச் செல்லும் திருப்பணியாளர் பங்கில் இல்லாமலே ஐந்தாண்டு அதன் வருமானத்தைப் பெறலாம் என்றார். உழவன் கொடுத்த கதிர்க்கட்டு பாரிஸ் நகரில் கல்விக்கட்டணமாக மாறியது.

1274ஆம் ஆண்டின் இரண்டாம் இலியோன்சு பொதுச்சங்கம் பங்குப் பொறுப்பேற்பவர் ஓராண்டுக்குள் குருப்பட்டம் பெறவேண்டும், இன்றேல் பங்கை இழப்பார் என்று விதித்தது. நல்ல விதிதான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்தது. குருவாகும் எண்ணமே இல்லாத ஒருவன் பங்கை ஏற்று, ஓராண்டு வருமானத்தை வாரிச் சுருட்டிக்கொண்டு, ஆண்டு முடியும்போது பங்கை உதறிவிட்டுப் போகலாம். மக்கள் ஒருவரையும் பெறவில்லை. பணம் போனது போனதுதான்.

1298இல் எட்டாம் போனிபாசு தொகுத்தளித்த சட்டநூல் இரண்டு வழிகளில் இதற்கு விடை தந்தது. முதலாவது, கற்க விரும்புவோருக்கு நேர்மையான கதவைத் திறந்தது. ஆயர் தகுதி அறிந்து, பங்குப் பொறுப்பாளருக்கு ஏழாண்டுவரை கல்வி விடுப்பு அளிக்கலாம். ஓராண்டுக்குள் அவர் துணைத்திருத்தொண்டர் பட்டமாவது பெறவேண்டும். அவர் இல்லாத காலத்தில் ஆன்மாக்களைப் பேணத் தகுந்த பதிற்குருவை ஆயர் நியமித்து, அவருடைய பிழைப்புக்குப் பங்கின் வருமானத்திலிருந்தே போதிய பகுதியை ஒதுக்கவேண்டும். இரண்டாவது, ஏமாற்றுவோருக்கு அடைத்தது: குருவாகும் எண்ணமின்றி, ஓராண்டு வருமானத்துக்காகவே பங்கை ஏற்றவன், பெற்றதனைத்தையும் திருப்பித் தரவேண்டும். ஆனால் இடையில் மனம் மாறிக் குருப்பட்டம் பெற்றுவிட்டால் தரவேண்டியதில்லை.

இக்கடைசி வரியில் சட்டமும் இரக்கமும் கைகோத்து நிற்கின்றன. எண்ணத்தை எந்த நீதிமன்றம் அளக்கும்? ஒப்புரவுத் தொட்டியில்தான் அது அளக்கப்பட்டிருக்கும். அதே பாரிஸ் நகரில் கற்றுக் கற்பித்த புனித தோமா அக்குவினார், பிறர் பொருளைத் திருப்பிக் கொடுப்பது மீட்புக்குத் தேவையானது என்று தம் இறையியல் சுருக்கத்தில் நிலைநாட்டியிருந்தார். பாவ மன்னிப்புக் கேட்பவனிடம் குரு கேட்கவேண்டிய கேள்வி அது. பணத்தின் உண்மையான உரிமையாளர் யாரென்று அச்சட்டத்தை எழுதியவர்களுக்குத் தெரிந்திருந்தது: அறுவடை முடித்துக் கதிர்க்கட்டை எண்ணி வைத்த உழவன்.

இவ்விடுப்பு சோம்பேறிக் குருக்களுக்குச் சாக்காயிற்று என்று முன்னாளில் பலர் எழுதினர். தொமினிக்கன் சபைத் துறவியும் பின்னாளில் வத்திக்கான் நூலகத் தலைவருமான லெனார்டு பாயில் 1962இல் இங்கிலாந்து ஆயர்களின் பதிவேடுகளை ஆராய்ந்து, பங்குக்குருக்களைப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவைத்த பயனுள்ள ஏற்பாடு அது என்று காட்டினார். ஏழாண்டையும் ஒரே தடவையில் கொடுக்காமல் ஓராண்டு, இரண்டாண்டு என்று அளந்து கொடுத்த ஆயர்களும் உண்டு. பிள்ளைக்குப் பணம் அனுப்பும் விவரமறிந்த தந்தையரும் அப்படித்தான் செய்வர்.

திரெந்து பொதுச்சங்கம் 1563 சூலை 15ஆம் நாள் நடத்திய அமர்வில் புதிய வழி வகுத்தது. ஒவ்வொரு மறைமாவட்டமும் குருமடம் அமைக்கவேண்டும். ஏழைச் சிறுவரை முதலிற் சேர்க்கவேண்டும். செல்வர் வீட்டுப் பிள்ளைகளும் வரலாம், ஆனால் தங்கள் செலவைத் தாங்களே ஏற்கவேண்டும். குருமடத்தின் செலவுக்கு ஆயர் முதலாக அனைவருடைய திருச்சபை வருமானத்திலும் ஒரு பகுதி பிடித்தம் செய்யப்படும். பங்குக்குரு பங்கிலேயே தங்கவேண்டும் என்ற கட்டளையும் அதே அமர்வில் வந்தது. பங்கைப் பெற்றபின் படிக்கச் செல்லும் வழக்கம் மெல்ல மறைந்து, படித்து முடித்தபின் பங்கைப் பெறும் வழக்கம் வேரூன்றியது.