மண்வீட்டை ஏன் இடிச்சீங்கன்னு கேக்குறவங்களுக்கு

இப்போ மலைப்பக்கம், கடற்கரைப்பக்கம் எங்க போனாலும் மண்சுவர் குடில் கட்டி வாடகைக்கு விடுறாங்க. சாணி மெழுகின தரை, கீத்துக் கூரை, காலையில யோகா, எண்ணெய்க் குளியல், மதியம் கம்பங்கூழ். நல்ல விஷயம்தான். எங்க பக்கமும் அந்த மாதிரி கட்டணும்னு நிலம் பாக்க வர்றவங்க எங்கிட்ட வந்து பேசுவாங்க. எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணே ஒண்ணு. "இவ்வளவு குளுகுளுன்னு இருந்த வீட்டையெல்லாம் ஏங்க இடிச்சீங்க?"

அதுக்கு ஒரு வரியில பதில் சொல்ல முடியாது.

முதல்ல அந்தச் சுவர் எப்படி எழும்புச்சுன்னு தெரியணும். மண்ணை வெட்டிக் குழியில போட்டு, தண்ணி விட்டு ஊற வச்சு, வைக்கோலைத் தூவிக் காலால மிதிப்பாங்க. கையில ஒட்டாத பதம் வந்ததும் உருட்டி உருட்டி ஒண்ணரை அடி அகலத்துக்கு அடுக்குவாங்க. ஒரு படை ஒண்ணரை அடி ஏறினா நிறுத்திடணும். அது காஞ்சு இறுகின பிறகுதான் அடுத்த படை. அவசரப்பட்டா சுவர் தொப்பை தள்ளும். கரிசல் மண்ணை மட்டும் வச்சுக் கட்டக் கூடாது, வெயில்ல வெடிக்கும், மழையில உப்பும். மணலோ செம்மண்ணோ கலக்கணும். அதுக்கு மேல பனங்கை, மூங்கில், கீத்து. சுவர்ல சாரல் அடிக்காம இருக்கத்தான் தாழ்வாரத்தை அவ்வளவு தாழ இறக்குனது. குனிஞ்சு வரணும்னு மரியாதைக்கு வச்சதுன்னு சிலர் எழுதுறாங்க, அழகாத்தான் இருக்கு.

கடுக்காய்த் தண்ணி, கருப்பட்டி போட்டு அரைச்ச சுண்ணாம்புச் சாந்தைப் பத்தியும் நிறையப் படிச்சிருப்பீங்க. அது கோயிலுக்கும் பெரிய வீட்டுக்கும் போட்டது. கூலிக்காரன் வீட்டுக்கு மண்பூச்சுதான்.

நாம "பாரம்பரிய ஓடு"ன்னு சொல்ற அந்தத் தட்டையான மங்களூர் ஓடுகூட நம்ம பழைய ஓடு இல்ல. பாசல் மிஷன்காரங்க 1865-ல மங்களூர்ல தொழிற்சாலை போட்டு அடிச்சது. அதனாலதான் எங்க ஊர்ப் பெருசுங்க அதைச் சீமை ஓடுன்னாங்க. காசு இருந்தாலும் எல்லாரும் இஷ்டத்துக்கு வீடு கட்டிட முடியலைங்கிறதையும் சேத்துச் சொல்லணும். திருவிதாங்கூர்ல நாடார்கள் மாடி வச்சு வீடு கட்டத் தடை இருந்துச்சு. யார் வீடு எவ்வளவு உசரம்ங்கிறதைச் சாதி தீர்மானிச்ச நாடு இது.

அப்புறம் நெருப்பு. 1968 டிசம்பர் 25 ராத்திரி கீழ்வெண்மணியில 44 பேரைக் குடிசைக்குள்ள வச்சு எரிச்சாங்க. 2004 ஜூலை 16-ல கும்பகோணம் பள்ளிக்கூடத்துல கீத்துக் கொட்டகை பத்திக்கிட்டு 94 பிள்ளைங்க போச்சு. உங்களுக்குக் கீத்துக் கூரைன்னா குளிர்ச்சி. கூரைக்குக் கீழ அடுப்பெரிச்ச பொம்பளைங்களுக்கு அது பங்குனி, சித்திரை முழுக்கப் பயம்.

சிமெண்ட் உள்ள வந்தது அந்தப் பயத்துக்கு நடுவுலதான். லால்குடிக்கு வடக்கே டால்மியாபுரம் ஆலை 1939-லேயே வந்துடுச்சு. ஆனா பக்கத்துல ஆலை இருந்தும் எங்களுக்கு மூட்டை கிடைக்காது. விலையும் விநியோகமும் அரசாங்கக் கையில. பெர்மிட் வேணும். 1982-ல பாதி, 1989-ல முழுசா அந்தக் கட்டுப்பாடு போச்சு. எங்க ஊர்ல மெத்தை வீடு கிளம்பினது அதுக்கப்புறந்தான். கீத்தை ரெண்டு வருசத்துக்கு ஒருதடவை மாத்தணும், மழைக்குப் பின்னால சுவரைப் பூசணும், வாராவாரம் தரை மெழுகணும். இதெல்லாம் பொம்பளைங்க கூலி வாங்காம செஞ்ச வேலை. மண்வீடு மலிவுன்னு சொன்ன கணக்குல அது ஏறவே இல்ல. ஒருதடவை கடன் வாங்கி காங்கிரீட் போட்டா இந்த வேலையெல்லாம் மிச்சம்னு அவங்க நினைச்சதுல என்ன தப்பு?

இதே கதை எகிப்துலயும் நடந்திருக்கு. ஹசன் ஃபாத்தின்னு ஒரு கட்டடக் கலைஞர், 1945-லேர்ந்து லக்சர் பக்கத்துல குர்னா ஊர்க்காரங்களுக்காகப் பச்சைச் செங்கல்லாலயே ஒரு புது ஊர் கட்டினாரு. சாரம் இல்லாம வளைவுக் கூரை எழுப்பத் தெரிஞ்ச கொத்தனாருங்களை அஸ்வான்லேர்ந்து தேடிக் கூட்டிட்டு வந்தாரு. ஊர் அழகு. ஆனா குர்னா ஜனங்க குடிவர மாட்டேன்னுட்டாங்க. அவங்க பிழைப்பு பழைய ஊரை ஒட்டின கல்லறைகளை நம்பி இருந்துச்சு, அதை விட்டு எப்படி வருவாங்க?

அந்த ஃபாத்தி பேர்ல ஏழைகளுக்கான கட்டடக்கலைன்னு ஒரு விருது உண்டு. 1992-ல அதை வாங்கினது நம்ம பக்கத்து ஆரோவில் பார்வையாளர் மையம். அது ஈரமண் சுவர் இல்ல. செம்மண்ணோட நூத்துக்கு அஞ்சு பங்கு போல சிமெண்ட் சேத்து மெஷின்ல அழுத்தின கல்லு. சிமெண்ட் கலந்துட்டாங்களேன்னு முகம் சுளிக்காதீங்க. மழையில கரையாது, சூளை விறகும் மிச்சம். லாரி பேக்கர் அஞ்சு மைல் சுத்துல கிடைக்கிறதை வச்சுக் கட்டணும்னு காந்தி சொன்னதைக் கடைசி வரைக்கும் பிடிச்சுக்கிட்டாரு. அவரும் அதிகம் கட்டினது சுட்ட செங்கல்லதான்.

அதனால நிலம் பாக்க வர்றவங்களுக்கு நான் சொல்றது இதுதான். மண்ணு எங்க வேணா கிடைக்கும், கை கிடைக்காது. எங்க ஊர்ல ஈரமண் சுவர் எடுக்கத் தெரிஞ்சவங்க இப்போ ரெண்டே பேரு, ரெண்டு பேருக்கும் எழுபதுக்கு மேல. அவங்களைக் கூப்பிட்டுப் பக்கத்துல நாலு இளவட்டத்தையும் நிக்க வைங்க. பெரியவங்களுக்குக் கொத்தனார் கூலி குடுங்க, "மண்ணு மிதிக்கிற ஆளு"ன்னு சித்தாள் கூலி பேசாதீங்க. மெழுகவும் பூசவும் வருசம் முழுக்க ரெண்டு பொம்பளைங்களுக்குச் சம்பளத்தைக் கணக்குல வைங்க. அதுக்குக் கட்டுப்படி ஆகலைன்னா ஓடு போட்ட செங்கல் வீடே கட்டிக்கிடுங்க, அதுலயும் உடம்பு தேறும்.

சுவர் எடுக்கிறதா இருந்தா தை பிறந்ததும் ஆரம்பிச்சிடணும். படை படையா காஞ்சு ஏற மூணு மாசம் ஆகும். ஆடிக் காத்துக்கு முன்னால கூரை ஏறிடணும்.